நைட் டியூட்டியில் பார்த்ததைச் சொன்னால் சிரிக்காதீர்கள்

ராத்திரி வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும், சொல்லத் தயங்குகிற ஒரு சம்பவமாவது இருக்கும். ஆள் இல்லாத அறையில், நோயாளி நர்ஸைக் கூப்பிடுகிற கால் பெல் அடித்திருக்கும். சாகக் கிடந்தவர், என்றைக்கோ இறந்துபோன தன் அம்மாவோடு பேசியிருப்பார். வாரக்கணக்கில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இதையெல்லாம் வெளியே சொன்னால் ஒருத்தர், "தூக்கக் கலக்கம், மூடநம்பிக்கை" என்று அதோடு முடித்துவிடுகிறார். இன்னொருத்தர் அதற்குப் பின்னணி இசை சேர்த்துப் பேய்க் கதையாக யூடியூபில் ஏற்றிவிடுகிறார். இந்த இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நானும் வருஷக்கணக்காக வார்டில் ராத்திரி கண்விழித்தவள். அந்தக் கோபத்துக்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பார்த்துப் பயப்படுவதில் பலவற்றுக்கு விளக்கம் இருக்கிறது. அதைப் புதிதாக வருகிற பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. இறந்தவரின் உடம்பைத் துடைப்பதற்காகத் திருப்பும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று குரல்வளை வழியாக வெளியே வரும், முனகுவது போலவே கேட்கும். இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தவர் என்றால், இதயம் நின்ற பிறகும் மானிட்டரில் அதன் கோடுகள் விழுந்துகொண்டே இருக்கும். மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் சில நேரம் தானாக எழும்பி மார்பின் மேல் வந்து படியும். தண்டுவடத்திலிருந்து வருகிற அனிச்சைச் செயல் அது, லாசரஸ் அறிகுறி என்று அதற்குப் பெயர். நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆரை நிறுத்திய பிறகு இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கிய நிகழ்வுகள்கூட 1982 முதல் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. அதனால்தான் நிறுத்திய கையோடு மானிட்டரைக் கழற்றாமல் 10 நிமிஷமாவது பார்க்கச் சொல்கிறார்கள்.

கால் பெல் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், நோயாளி இறந்து படுக்கை காலியான அன்று ராத்திரி, அந்தப் படுக்கையின் பெல் விட்டுவிட்டு அடித்தது. போய் அணைத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு திரும்ப எரியும். கூட இருந்த ஆயாம்மா, "நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து கட்டில் தலைமாட்டில் தொங்கும் சுவிட்சைக் கழற்றினால் உள்ளே ஒரே ஈரம். அறையைக் கழுவிவிட்டபோது தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், ஒருவர் இறந்த பிறகுதானே அறையை அப்படி அலசிக் கழுவுகிறார்கள்? சாவுக்கு அடுத்தபடியே பெல் அடிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்ததும் என் பயம் போய்விட்டது. ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த அறைக்குள் தனியாகப் போய்வந்த என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தில் விக் டாண்டி என்று ஒரு பொறியாளர் இருந்தார். மயக்க மருந்துக் கருவிகள், ஐசியூ கருவிகள் தயாரிக்கும் இடத்தில் வேலை. ஒருநாள் ராத்திரி தனியாக இருக்கும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் இல்லை. மறுநாள் வாள்வீச்சுப் பயிற்சிக்கான தன் கத்தியைப் பழுது பார்க்கக் கவ்வியில் இறுக்கி வைத்தார். யாரும் தொடாமலே அது அதிர்ந்தது. விடாமல் துருவியதில், புதிதாகப் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அளவில் அந்த அறையை அதிரவைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 1998ல் அதைக் கட்டுரையாக எழுதினார். எல்லா வார்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மனிதர் தான் பார்த்ததை மறைக்கவும் இல்லை, கதை கட்டவும் இல்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

இதோடு நம் உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் உடம்புச் சூடு நன்றாக இறங்கியிருக்கும். நமக்கே தெரியாமல் சில விநாடித் தூக்கம் வந்து போகும். கண் திறந்திருக்கும்போதே கனவின் ஒரு துண்டு எதிரில் வந்து நிற்கும்.

சரி, எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தால் எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். பெல்லும் ஃபேனும் ஓரமாக இருக்கட்டும். நோயாளி பார்ப்பதும், நர்ஸுக்கு உள்ளுக்குள் தட்டுப்படுவதும்தான் எனக்கு முக்கியம்.

ஒரு வயதான அம்மா, கடைசிக் கட்டப் புற்றுநோய். தேதி கேட்டால் சரியாகச் சொல்வார், மகள் வர நேரமானால் எங்கே என்று கேட்பார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, அவரு எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்காரு பாரு, அந்த ஸ்டூலை இழுத்துப் போடு" என்றார். அவர் சொன்னது, காலமாகிப் பல வருஷம் ஆன கணவரை. நான் ஸ்டூலைக் கால்மாட்டுப் பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்த இடத்தைப் பார்த்து அவர் லேசாகத் தலையசைத்தார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மகள் என்னை வெளியே கூட்டிப்போய், "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா சிஸ்டர், ஏதாவது ஊசி போட்டுத் தூங்க வைங்க" என்று அழுதார். டியூட்டி டாக்டரும் எழுதத் தயாராக இருந்தார்.

நான் பி.பி., ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் பார்த்து டாக்டரிடம் சொன்னேன். ஆள் நிதானமாக இருக்கிறார், பயம் இல்லை, இந்த நேரத்துக்கு வலியும் இல்லை என்றேன். ஊசி வேண்டாம் என்று முடிவானது. மறுநாள் மகள் அந்த ஸ்டூலில் உட்காராமல் வேறு நாற்காலி போட்டுக்கொண்டு, "அப்பா என்ன சொல்றாரும்மா?" என்று கேட்டார். அன்று அம்மாவும் மகளும் வெகுநேரம் பேசினார்கள். ஊசி போட்டிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

இது அபூர்வமானதும் இல்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் ஒன்றில் கிறிஸ்டோபர் கெர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் சாவை நெருங்கிய 59 பேரிடம் தினமும் பேசி எழுதிவைத்தார்கள். 2014ல் வெளியான அந்த ஆய்வில் 88 சதவீதம் பேர் இப்படி ஒரு கனவோ காட்சியோ வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சாவு நெருங்க நெருங்க இறந்துபோன சொந்தங்கள் அதிகம் வந்தார்கள், அவர்கள் வந்ததுதான் அதிக ஆறுதலாக இருந்தது என்றும் பதிவாகியிருக்கிறது. யார் என்ன நம்புகிறார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. நோயாளிக்கு அது ஆறுதல். எனக்கு அது போதும்.

ஆனால் கவனம், உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பமான டெலிரியம் வேறு. பயந்து படபடத்து, டிரிப்ஸைப் பிடுங்கி, இடமும் நேரமும் குழம்பி, காலையில் ஒரு மாதிரி ராத்திரி ஒரு மாதிரி இருந்தால், நோய்த்தொற்றோ ஆக்சிஜன் குறைவோ மருந்தின் விளைவோ இருக்கலாம். அதற்குக் கட்டாயம் வைத்தியம் வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு, மூளை தெளிவாக இருக்கும்போதே இல்லாத ஆட்கள் தெரிவதுண்டு, அதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் நோயாளி என்ன பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று முழுதாகக் கேட்டால்தானே முடியும்? "உளறுகிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் அந்தக் கதவு அங்கேயே அடைபட்டுவிடுகிறது.

சாவுக்குச் சற்றுமுன் வருகிற தெளிவும் அப்படித்தான். மறதி நோயில் பல காலம் கிடந்தவர் ஒருநாள் தெளிந்து பேசுவார். ஜெர்மானிய உயிரியலாளர் மைக்கேல் நாம் 2009ல் இதற்கு ஒரு பேர் வைத்து எழுதினார், ஆனால் நர்ஸ்களுக்கு இது அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். வீட்டார் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஊருக்குக் கிளம்பத் தயாராவார்கள். அனுபவப்பட்ட சிஸ்டர்தான், "இன்னைக்கு ராத்திரி கூடவே இருங்க, தூரத்துல இருக்கிறவங்களுக்கும் சொல்லி அனுப்புங்க" என்று மெல்லச் சொல்வார். எல்லா நேரமும் அது சரியாக இருக்காது. சரியாக இருந்த நேரங்களில் பிள்ளைகள் கடைசியாக ஒருமுறை பேசிவிட முடிகிறது. 2023ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு, வென்டிலேட்டரை எடுத்த நான்கு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்த்தது. அதில் இரண்டு பேருக்குச் சாகும் தறுவாயில் மூளைச் செயல்பாடு கூடியது. இந்தத் தெளிவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிடவில்லை.

அடுத்தது, உள்ளுக்குள் தட்டுப்படுவது. பி.பி. நன்றாக இருக்கிறது, பல்ஸ் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அந்தப் படுக்கையைக் கடக்கும்போது மனசு ஒட்டவில்லை. இதை ஏதோ ஆவி சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆயிரம் முகங்களைப் பார்த்த கண் சொல்கிறது என்பேன் நான். தோலின் நிறத்தில் ஒரு சின்ன மாற்றம், மூச்சின் இழுப்பு, எப்போதும் வாயாடுகிறவரின் மௌனம், இதெல்லாம் வார்த்தையாவதற்கு முன்பே கவலையாகிவிடுகிறது. நோயாளியே, "எனக்கு என்னவோ ஆகப்போகுது சிஸ்டர்" என்று சொல்வதும் இதே வகை. ரத்தம் ஏற்றும்போது ஒத்துக்கொள்ளாமல் போவது, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பது, மாரடைப்பு ஆகியவற்றின் அறிகுறிகளில் இந்தச் சாவு பயத்தையும் பாடப் புத்தகமே சேர்த்திருக்கிறது. அதனால்தான் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் அவசரக் குழுவைக் கூப்பிடும் காரணங்களில் "நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறது" என்பதும் ஒன்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, நர்ஸ்கள் எந்த நேரத்தில் எவ்வளவு தடவை குறிப்பு எழுதுகிறார்கள் என்பதை வைத்தே எச்சரிக்கை தரும் ஒரு முறையை உருவாக்கியது. 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்ததில் இறப்பு அபாயம் சுமார் 35 சதவீதம் குறைந்ததாக 2025ல் வெளியிட்டார்கள். நர்ஸ் ஏன் அந்தப் படுக்கைக்கு மறுபடி மறுபடி போனார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. போனார் என்பதே ஒரு தகவல்.

என் கோபம் இங்கேதான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு பெண், ராத்திரி தான் பார்த்ததை, அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கும் காலை ஹேண்ட்ஓவரில் சொல்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் இன்னொரு நாள், "பெட் எட்டு சரியில்லன்னு தோணுது" என்று சொல்ல வாய் திறப்பாளா? திறக்க மாட்டாள். பி.பி., பல்ஸ் நம்பரில் மாற்றம் தெரியும்வரை காத்திருப்பாள், அதற்குள் நேரம் போய்விடும். நான் இதைக் கண்முன்னால் பார்த்திருக்கிறேன்.

நர்ஸ் சொன்னதை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2001ல் லான்செட் இதழில் பிம் வான் லோமெல் என்ற நெதர்லாந்து இதய மருத்துவர், இதயம் நின்று பிழைத்த 344 பேரைப் பற்றி எழுதினார். அதில் ஓர் ஆண் நர்ஸ் சொன்ன சம்பவமும் இருக்கிறது. நினைவில்லாமல் வந்த ஒருவருக்கு மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடப் பல்செட்டைக் கழற்றி, அவசர மருந்துகள் வைக்கும் கிராஷ் கார்ட் வண்டியில் அந்த நர்ஸ் வைத்திருக்கிறார். பிழைத்து வார்டுக்கு வந்த நோயாளி, ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்ததுமே, "என் பல்செட் எங்கே என்று இவருக்குத் தெரியும்" என்றாராம். அந்த ஒரு சம்பவத்தை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். ஆனால் நினைவில்லாதபோது நடந்ததை மேலிருந்து பார்த்ததாகச் சொன்னவர்கள் இருந்ததால்தான் சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு 15 ஆஸ்பத்திரிகளில், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற படங்களை அலமாரிகளில் வைத்துச் சோதித்தது. 2014ல் முடிவு வந்தபோது அந்தப் படங்களைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பலருக்கு இதயம் நின்றது அலமாரி இல்லாத இடங்களில். நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அது ஏமாற்றம். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது, சொன்னதைக் காதில் வாங்கி, சிரமப்பட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

வீடியோ போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் "பேய் அறை" என்று காட்டுகிற அந்த அறையில் இறந்தவர் யாரோ ஒருத்தருக்கு அப்பா. அந்தக் குடும்பமும் அதைப் பார்க்கும். அங்கே அடுத்து அட்மிட் ஆகிறவரும் பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதைகளில் பலவற்றுக்குள் துக்கம் இருக்கிறது. ராத்திரி ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டே இறந்திருப்பார். அடுத்த பத்து நிமிஷத்தில் பாடியை மார்ச்சுவரிக்கு அனுப்பி, படுக்கையை மாற்றி, அடுத்த நோயாளிக்கு மருந்து கொடுக்கப் போக வேண்டும். அழ நேரமில்லை. அந்தத் துக்கம் பிறகு நடைபாதையில் காலடிச் சத்தமாகக் கேட்டால் எனக்கு ஆச்சரியம் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ், சாவுக்குப் பிறகு அங்கே நிற்கிற எல்லாரும் ஒரு நிமிஷம் போல அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். பல ஆஸ்பத்திரிகளுக்கு அது பரவியது. செலவே இல்லாத காரியம், எல்லா வார்டிலும் செய்யலாம்.

வார்டு பொறுப்பில் இருப்பவர்களே, ஹேண்ட்ஓவரில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எதையாவது சொன்னால், "எந்த பெட், எத்தனை மணிக்கு, அப்போ நோயாளி எப்படி இருந்தார்?" என்று கேளுங்கள். பெல் என்றால் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லுங்கள், நோயாளி என்றால் போய்ப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதேதான். கடைசி நாட்களில் இருக்கும் உங்கள் ஆள், அங்கே இல்லாத ஒருவரோடு பேசினால், "யாரும் இல்ல, சும்மா இரு" என்று அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது முகத்தில் பயம் தெரிகிறதா, நிம்மதி தெரிகிறதா என்று பார்த்து, அதை அப்படியே நர்ஸிடம் சொல்லுங்கள். மருந்து தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எங்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்.