தண்ணீர்க் கட்டணம்: எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன்

குடிநீர்க் கட்டணம் உயரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் எல்லோரும் பிடித்துக்கொள்வது ஒரே எண்ணைத்தான். "12 விழுக்காடா? அநியாயம்!" என்று ஒரு பக்கம். "அஞ்சு வருஷமா ஏத்தவே இல்லையே" என்று மறுபக்கம். அந்த எண்ணோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. அது கணக்கின் கடைசி வரி. யார் எவ்வளவு சுமக்கப்போகிறார்கள் என்பது அதற்கு மேலே உள்ள வரிகளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த வரிகளைப் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்கு இப்படித் தொடங்கும். ஓராண்டுக்குக் குடிநீர் நிறுவனத்துக்குத் தேவையான பணம் 100 என்று வையுங்கள். மின்சாரம், குளோரின், சம்பளம், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 60. கடனின் அசலும் வட்டியும் 20. பழைய குழாய்களை மாற்றச் சொந்தப் பணத்திலிருந்து 15. அவசர இருப்புக்கு 5. புதிய இணைப்புக் கட்டணம், அபராதம், வைப்புநிதி வட்டி என்று வேறு வழியில் 6 வந்துவிடும். மீதி 94-ஐ வாடிக்கையாளர்களிடம் வசூலித்தாக வேண்டும். இன்றைய கட்டணத்தில் வருவது 84. பற்றாக்குறை 10. 84-க்கு 10 என்றால் ஏறத்தாழ 12 விழுக்காடு.

இந்த 12-ஐ அப்படியே அமல்படுத்தினால் அடுத்த ஆண்டும் பள்ளம் விழும். விலை ஏறினால் மக்கள் கொஞ்சம் குறைத்துப் பயன்படுத்துவார்கள். வீடுகளில் கட்டணம் 10 விழுக்காடு ஏறினால் பயன்பாடு 2 முதல் 4 விழுக்காடு வரை குறைவது வழக்கம். நம் கணக்கில் பயன்பாடு 3 விழுக்காடு குறைந்தால் வருமானம் 94-க்குப் பதில் 91-ல் நின்றுவிடும். 94-ஐத் தொட 16 விழுக்காடு அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அனுப்பிய பில் எல்லாம் வசூலாகும் என்று நினைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. நூறு ரூபாய்க்குப் பில் போட்டு 92 ரூபாய் வசூலாகிற இடத்தில் அந்த 8 ரூபாயை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான் சுமக்கிறார்கள்.

உயர்வைக் குறைத்துக்காட்ட நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது குழாய் மாற்ற ஒதுக்கிய அந்த 15-ல். குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது, இந்த ஆண்டு மாற்றாவிட்டால் யாருக்கும் தெரியாது. நூறு ஆண்டு ஆயுள் உள்ள குழாய் என்றால் ஆண்டுக்கு மொத்த நீளத்தில் 1 விழுக்காடு மாற்றியாக வேண்டும். அரை விழுக்காடுதான் மாற்றுகிறோம் என்றால் ஒவ்வொரு குழாயும் 200 ஆண்டு உழைக்கும் என்று நம்புகிறோம் என்று பொருள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டே எண்ணைக் கேட்டால் நிர்வாகத்தின் நேர்மை தெரிந்துவிடும்.

கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது மக்களுக்குச் செய்யும் உதவி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. செலவு ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடுகிறது, கட்டணம் ஐந்து ஆண்டு அசையவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டில் இடைவெளி 28 விழுக்காடு ஆகிவிடும். ஐந்து ஆண்டுப் பற்றாக்குறையையும் கூட்டிப் பாருங்கள்: ஓராண்டு வருமானத்தில் 80 விழுக்காடு. அந்தப் பணம் எங்கேயோ ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் குழாய் மாற்றும் பணத்தில்; இல்லையென்றால் கடனாக ஏறியிருக்கும். பிறகு ஒரே அடியாக 30 விழுக்காடு ஏற்றும்போது தாங்க முடியாமல் தவிப்பது குறைந்த வருமானக் குடும்பங்கள்தான். ஆண்டுதோறும் சிறிதாக, கணக்கை வெளியிட்டு ஏற்றுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

அதற்காக ஒழுகும் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. உற்பத்தி செய்த நீருக்கும் பில் போட்ட நீருக்கும் உள்ள வித்தியாசம், அதாவது வருமானம் தராத நீர், கட்டண விவாதத்தில் முதலில் வர வேண்டிய எண். அதிலும் இரண்டு வகை உண்டு. மண்ணுக்குள் கசிவது ஒன்று. பழைய மீட்டர் குறைத்துக் காட்டுவதும் திருட்டு இணைப்பும் மற்றொன்று. முதலாவதைக் குறைத்தால் செலவு குறையும், இரண்டாவதைக் குறைத்தால் வருமானம் கூடும். இரண்டையும் ஒரே எண்ணாகச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள், பிரித்துக் கேளுங்கள்.

கம்போடியாவின் நோம் பென் நகரம் இதற்கு நல்ல சாட்சி. 1993-ல் அங்கே உற்பத்தியில் சுமார் 72 விழுக்காடு நீருக்கு வருமானமே இல்லை. எக் சோன் சான் தலைமையில் நிறுவனம் எல்லா இணைப்புக்கும் மீட்டர் பொருத்தி, கசிவை அடைத்து, செல்வாக்குள்ளவர்களிடமும் பாக்கியை வசூலித்தது. அதோடு சேர்த்துத்தான் கட்டணத்தையும் படிப்படியாக ஏற்றியது. பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. தன் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டே கட்டணம் கேட்கிற நிறுவனத்துக்கு மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை.

அடுத்தது நிலைக் கட்டணம், அதாவது எவ்வளவு பயன்படுத்தினாலும் மாறாத தொகை. குடிநீர் நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி நீங்கள் ஒரு சொட்டு பயன்படுத்தாவிட்டாலும் ஆகிற செலவு. குழாய், தொட்டி, கடன், ஊழியர் எதுவும் குறையாது. மின்சாரமும் ரசாயனமும்தான் அளவோடு ஏறி இறங்கும். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி லிட்டர் கணக்கில் வருகிறது. இந்தப் பொருத்தமின்மைதான் வறட்சிக் காலத்தின் கொடுமைக்குக் காரணம்: மக்கள் சொன்ன சொல் கேட்டுச் சிக்கனமாக இருப்பார்கள், வருமானம் சரியும், உடனே கட்டணம் ஏறும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 வறட்சியில் இதே நெருக்கடியைச் சந்தித்து, அந்த ஆண்டு ஜூலையில் இணைப்புக் குழாயின் விட்டத்தைப் பொறுத்து நிலைக் கட்டணம் கொண்டுவந்தது. விட்டம் பார்ப்பது நியாயமான அளவுகோல்தான். 5/8 அங்குல மீட்டரின் கொள்ளளவை 1 என்று வைத்தால் 1 அங்குலத்துக்கு 2.5, 2 அங்குலத்துக்கு 8. அந்த அளவு நீரை எந்த நேரமும் தரத் தயாராக இருப்பதற்கான செலவு அது. ஆனால் நிலைக் கட்டணத்தை மிக உயர்த்தினால் குறைவாகப் பயன்படுத்தும் ஏழை வீட்டுக்குத்தான் பில்லில் ஏற்றம் அதிகம். நிலைக் கட்டணம் மாறினால் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டின் பில் எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும். சராசரி வீட்டின் பில்லை மட்டும் காட்டித் தப்பிக்க விடக்கூடாது.

ஸ்லாப் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணம் எப்படித் தவறாகப் போகிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு இல்லை. பயன்பாட்டு அளவை ஸ்லாப்களாக, அதாவது அடுக்குகளாகப் பிரிப்பார்கள்; முதல் ஸ்லாப் மலிவு, மேலே போகப்போக விலை அதிகம். ஏழை குறைவாகவும் பணக்காரர் அதிகமாகவும் பயன்படுத்துவார் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. ஆனால் ஸ்லாப் மீட்டருக்குத்தான், ஆளுக்கில்லை. தென்னாப்பிரிக்காவில் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று வகுத்தபோது கணக்கு 8 பேர், ஆளுக்கு 25 லிட்டர், 30 நாள். ஒரே இணைப்பில் 15, 20 பேர் வாழும் வளாகத்தில் ஆளுக்கு நாளைக்கு 10 முதல் 13 லிட்டர்தான் கிடைத்திருக்கும். தனியாக வசிக்கும் வசதியானவருக்கோ நாளைக்கு 200 லிட்டர் இலவசம். பல குடித்தனங்கள் ஒரு மீட்டரில் இருந்தால் ஸ்லாப் வரம்பைக் குடித்தன எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். விண்ணப்பித்தால் மட்டும் பெருக்குவோம் என்ற விதி இருந்தால் போதாது, விண்ணப்பப் படிவம் வாடகைக்கு இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். சிலி செய்ததுபோல் எல்லோருக்கும் செலவுக்கேற்ற விலை வைத்துவிட்டு, தேவைப்படும் குடும்பத்தின் பில்லில் ஒரு பகுதியை அரசே கட்டுவது இன்னும் நேரான வழி என்பது என் எண்ணம்.

ஸ்லாப் விலைக்குக் காரணம் காட்டச் சொல்வது மக்களின் உரிமை. கலிபோர்னியாவில் 1996-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டப்படி, கட்டணம் அந்தச் சேவையின் செலவைத் தாண்டக்கூடாது; கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 45 நாள் முன்பே ஒவ்வொரு சொத்து உரிமையாளருக்கும் அறிவிப்பு போக வேண்டும்; பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தில் எதிர்த்தால் உயர்வு விழுந்துவிடும். 2015-ல் சான் ஹுவான் கபிஸ்த்ரானோ நகரம் தன் ஸ்லாப் விலைகளை வழக்கில் இழந்தது. ஸ்லாப் முறையே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்லாபின் விலையும் எந்தச் செலவிலிருந்து வந்தது என்று நகரம் காட்டவில்லை என்றுதான் சொன்னது.

கட்டணம் முடிவான பிறகும் கவனிக்க ஒன்று இருக்கிறது: மீட்டர் ரீடிங் எடுக்கும் தேதி. முதல் ஸ்லாப் மாதம் 15,000 லிட்டர், வீட்டுப் பயன்பாடு நாளைக்கு 480 லிட்டர் என்று வையுங்கள். 30 நாளில் 14,400, முதல் ஸ்லாபுக்குள் அடங்கும். ரீடிங் எடுப்பவர் 36-ஆம் நாள் வந்தால் 17,280. ஒரு சொட்டும் கூடுதலாகப் பயன்படுத்தாமல் 2,280 லிட்டர் மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். 36 நாளுக்கு வரம்பு 18,000 என்று நாள் கணக்கில் விரிய வேண்டும். புதிய கட்டணம் அமலாகும் தேதி பில் காலத்தின் நடுவே வந்தாலும் இதே விதிதான்: முன்னால் உள்ள நாட்களுக்குப் பழைய விலை, பின்னால் உள்ளவற்றுக்குப் புதிய விலை. பில் மென்பொருளில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று உயர்வுக்கு முன்பே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். உயர்வு வந்த முதல் பில்லில் முந்தைய ரீடிங் தேதி, இப்போதைய ரீடிங் தேதி இரண்டையும் பார்த்து நாட்களை எண்ணுங்கள்.