1947 சட்டம் வந்தது உண்மைதான், ஆனால்…

"போர் முடிந்ததும் போலந்து வீரர்களுக்கு பிரிட்டன் 1947-ல் சட்டம் போட்டு வீடு, வேலை எல்லாம் கொடுத்துவிட்டது, அவர்கள் கஷ்டப்படவே இல்லை" என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனோடு சேர்ந்து சண்டையிட்டு, பிறகு அங்கேயே தங்கிவிட்ட போலந்து வீரர்களுக்காகச் சட்டம் வந்தது சரி. மற்றது அப்படியில்லை.

பல குடும்பங்களுக்குக் கிடைத்த 'வீடு', காலியான ராணுவ முகாம்களில் இருந்த தகரக் கொட்டகை. சில முகாம்களில் 1950களின் கடைசியிலும் ஆட்கள் இருந்தார்கள். வேலை? சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பல கிளைகள் இவர்களைச் சேர்க்கவே மறுத்தன. 1944-ல் நெதர்லாந்தின் பிரேடா நகரை விடுவித்த போலந்துப் படையின் தளபதி ஸ்டானிஸ்வாஃப் மாச்செக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அவருக்கு ராணுவ ஓய்வூதியம் தரவில்லை. மனிதர் எடின்பரோவில் ஓட்டல் மதுக்கூடத்தில் வேலை பார்த்தார். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் சண்டையிட்ட இன்னொரு போலந்துத் தளபதி சோசபோவ்ஸ்கியும் தொழிற்சாலைக்குத்தான் போனார். தளபதிகளுக்கே இந்தக் கதி என்றால் சிப்பாய்களை யார் கேட்டார்கள்?

அப்புறம், "ஊருக்குத் திரும்பியிருக்கலாமே" என்ற கேள்வி. பலருடைய ஊரான, போருக்கு முன் போலந்தில் இருந்த ல்வுஃப், வில்னோ பகுதிகளே சோவியத் யூனியனுக்குப் போய்விட்டன. மாச்செக் உள்ளிட்ட பல அதிகாரிகளின் குடியுரிமையை வார்சாவில் இருந்த போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு 1946-லேயே பறித்துவிட்டது.