வரமுடியாது என்றால் சொல்லிவிடுங்கள்

புதன்கிழமை சாயந்திரம் அந்த நிகழ்ச்சியில் என்ன பேசப்பட்டது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் நாலைந்து பேர் அன்றிரவே எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதவில்லை. "சம்பளம் கொடுக்க வழியில்லாதவர்கள் தொண்டூழியம் என்ற பேரில் உழைப்பைச் சுரண்டுகிறார்கள்" என்று மைக்கைப் பிடித்துப் பேசிய தம்பி, அதற்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் நடந்த ஒலிநாடகப் பதிவுக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்திருந்த 11 பேரில் ஒருவர். வரவில்லை. முடியவில்லை என்று ஒரு வரிச் செய்தியும் இல்லை.

இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

வரமுடியாது என்றால் வரமுடியாது என்று சொல்லிவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். சம்பளம் இல்லை என்பதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அழைப்பின் முதல் வரியிலேயே போட்டிருந்தேன்: சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி நேரம். படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "அக்கா, இந்த மாதம் முடியாது" என்று எழுதிய ஆறேழு பேருக்கு மனதார நன்றி சொன்னேன்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுப் படுக்கையறைதான் ஒலிப்பதிவு அறை. ஜன்னலுக்குக் கனமான போர்வை இரண்டு. மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்திருந்தோம். மின்விசிறிச் சத்தமும் ஏர்கான் சத்தமும் பதிவில் விழும், அதனால் இரண்டையும் அணைத்தாக வேண்டும். கீழே பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் அவர் அடுத்த புளோக்கைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் புழுக்கத்தில் 81 வயது அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். உட்லண்ட்ஸிலிருந்து தனியாகப் பேருந்து ஏறி வந்தவர். பக்கத்தில் மைலோ பிளாஸ்க். மடியில் பெரிய எழுத்தில் நான் அச்சடித்துக் கொடுத்த வசனத் தாள். தன் வரிகளுக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். மகனாகப் பேச வேண்டியவர் அந்தத் தம்பி. மருமகளாகப் பேச வேண்டிய பெண்ணும் வரவில்லை. ஒரு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. மூன்று மணி வரைக்கும், "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம் கண்ணு, மழை பெய்ஞ்சிதுல்ல, அதான் லேட்டாவுது போல" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மழை எப்போதோ விட்டிருந்தது.

அவரை விட்டால் இந்தக் கதைக்கு வேறு ஆள் எனக்குத் தெரியாது. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938ல் திறக்கப்பட்டது. நம் ஆட்களும் மலையாளிகளும் நிறையப் பேர் அங்கே வேலை செய்து, அங்கேயே குடியிருந்து, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த வாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் என் ஆறு பகுதி ஒலிநாடகம். அம்மாவுக்கு அப்போது 24 வயது. கணவர் கப்பல்களுக்குச் சாயம் அடிக்கும் வேலையில் இருந்தார். வேலை போய்விட்டால் ஊருக்கே திரும்பிவிடுவதா என்று இவர்கள் வீட்டிலேயே பேசியிருக்கிறார்கள். நான் எழுதிய வசனத்தில் பாதியை, "அப்படிப் பேச மாட்டோம்மா" என்று திருத்திக் கொடுத்தவர் அவர்.

சரி, காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். மொத்தம் 14 குரல். ஆளுக்கு 100 வெள்ளி என்றாலும் ஒரு பகுதிக்கு 1,400 வெள்ளி, ஆறு பகுதிக்கு 8,400. என்னிடம் அந்தப் பணம் இல்லை. இதை நான் விற்கப் போவதும் இல்லை. மைக் வாங்கியது என் சம்பளத்தில், அன்று வாங்கி வைத்த 14 பொட்டலம் பிரியாணியும் அப்படித்தான். நாடகத்தையே நம்பிப் பிழைப்பவர்களைக் காசில்லாமல் கூப்பிடுவது தப்பு. அதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் யாரையும் நான் கூப்பிடவில்லை. அப்புறம் மானியம். தேசிய கலைகள் மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் நல்லது. ஆனால் 81 வயதுக் குரலை அதுவரை எப்படிக் காக்க வைப்பது?

பிள்ளைகளுக்குக் கைம்மாறு இல்லாமல் ஒன்றும் செய்யத் தெரியாது என்றும் சொல்லாதீர்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருவர், "ஆண்ட்டி, இதுக்கு வி.ஐ.ஏ. மணி நேரம் கிடைக்குமா?" என்று முதலிலேயே கேட்டார்கள். பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ளும் சமூகத் தொண்டு நேரம் அது. என் வீட்டில் நடக்கும் வேலைக்குப் பள்ளி அதைத் தராது என்று சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் நின்றவர்கள் அந்த இருவர்தான். அதில் ஒரு பையன், தாள் புரட்டும் சத்தம் பதிவில் விழாமலிருக்க, அம்மாவுக்கு ஒவ்வொரு பக்கமாகக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டே நின்றான்.

நாட்டின் 50ஆம் ஆண்டையொட்டி 2015ல் சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னிலக்கத்தில் ஏற்றினார்களே, அதற்கு மெய்ப்புப் பார்த்தவர்கள் தொண்டூழியர்கள். அவர்களில் நானும் ஒருத்தி. இரவு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து, கணினி மாற்றிப் படித்த எழுத்தை ஒவ்வொன்றாகத் திருத்துவேன். என்னை யாரும் சுரண்டியதாக அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. சுரண்டல் என்ற சொல் எவ்வளவு பெரிய சொல்! துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவுக்கு அது பொருந்தும். பிரியாணி ஆறிப்போக இரண்டு மணி நேரம் லிப்ட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு வலிக்கிறது.

2010 கணக்கெடுப்பில், இங்கே வசிப்பவர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 3.3 சதவீதம். 2020ல் அது 2.5. என் மகனே என்னிடம் பாதி நேரம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறான். அந்த அம்மா பேசுவதுபோல் தமிழ் பேச அடுத்த பத்து வருஷத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு இதில் பயம் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இனியும் கேட்பேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் குரல் நன்றாக இருக்கும் என்று நினைத்துத்தான் மகன் வேடத்தை உனக்கு வைத்திருந்தேன். அன்றைக்கு உனக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதியிருந்தால் அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஒலிப்பதிவு வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே ஒரு மணிக்கு. மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று குரல் வேண்டும். சம்பளம் இல்லை. பெயர் கொடுத்த பிறகு முடியாமல் போனால் காலை பதினொரு மணிக்குள் சொல்லிவிடுங்கள். பதினொன்றரைக்கு அம்மா பேருந்து ஏறிவிடுவார்.