பொய்யைப் பிதற்றல் என்று எழுதாதீர்கள்

"தோல்வி பயத்தில் பிதற்றுகிறார்." இந்த வாக்கியம் இல்லாத தேர்தல் காலம் தமிழில் உண்டா? கட்சி பேதமில்லாமல் எல்லா அறிக்கைகளிலும் வருகிறது. பேச்சில் இந்தச் சொல் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. வீட்டில் பிள்ளையை "உளறாதே" என்று அதட்டுகிறோம், "பிதற்றாதே" என்று யாரும் அதட்டுவதில்லை. எழுத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அங்கே அதைப் பயன்படுத்தும் விதம்தான் என்னை வருத்துகிறது.

பிதற்றல் என்பது தன்வசம் இழந்தவரின் பேச்சு. என் பாட்டி கடும் காய்ச்சலில் கிடந்தபோது, எப்போதோ விற்றுவிட்ட மாட்டின் பெயரைச் சொல்லி, "தண்ணி காட்டினீங்களா" என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் அதைப் பிதற்றல் என்றார். அந்தச் சொல்லில் ஏளனம் துளியும் இல்லை. நோயின் ஒரு குறியாகத்தான் அதைச் சொன்னார்.

பக்தி இலக்கியத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த இடம் இன்னும் உயர்ந்தது. "பிதற்றொழியேன் பெரியான் அரியானைப் பிதற்றொழியேன் பிறவா உருவானை" என்று பாடுகிறார் திருமூலர். அந்தப் பாட்டின் நான்கு அடிகளும் "பிதற்றொழியேன்" என்றே தொடங்குகின்றன. இறைவனைப் பற்றிப் பிதற்றுவதை நிறுத்தவே மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்கிறார். கம்பரும் அவையடக்கத்தில் "பித்தர் சொன்னவும் பேதையர் சொன்னவும் பத்தர் சொன்னவும் பன்னப் பெறுபவோ" என்று பித்தரையும் பத்தரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்கள் சொல்லை ஆராயலாமா என்று கேட்கிறார். நிதானம் தவறிய பேச்சைக் கவிகள் தங்கள் பேச்சாகவே ஏற்றுக்கொண்டார்கள். நாமோ எதிராளியின் பேச்சுக்கு மட்டும் அந்தப் பெயரை வைக்கிறோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நிறையக் கெடுகிறது. ஒருவர் எழுதிவைத்துப் படித்த பொய்யை, யாரைக் கோபப்படுத்தும் என்று தெரிந்தே கட்டிய அவதூறை, "பிதற்றினார்" என்று எழுதினால் அவருக்கு மன்னிப்பு வழங்கியதாகிவிடும். பிதற்றுகிறவர் பாவம், என்ன பேசுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. இவருக்கோ எல்லாம் தெரியும். கணக்குப் போட்டுப் பேசியவரை நோயாளியின் படுக்கையில் கிடத்தி ஏன் காப்பாற்ற வேண்டும்? பொய் என்று எழுதினால் அது பொய்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்குச் சோம்பித்தான் பலர் பிதற்றலில் ஒதுங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தங்கள் ஊர் ஏரியின் மதகு ஏன் உடைகிறது, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் தூர்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினார். வந்த பதில் ஒரே வரி: "முதியவரின் பிதற்றல்." மதகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பதில் சொல்ல முடியாதவர் எதிரே இருப்பவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார். முதுமையையும் மனநோயையும் சேர்த்து இழிவுபடுத்தும் வேலை இது.

உளறல் என்ற சொல்லுக்காவது ஒரு நேர்மை உண்டு. "ரகசியத்தை உளறிவிட்டான்" என்கிறோம். அப்போது வெளியே வருவது உண்மை. பிதற்றலை அப்படிச் சொல்ல முடியாது. ஒருவர் பேச்சுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால் அதில் உண்மை இருக்கும் என்ற வாய்ப்பையே மூடிவிடுகிறோம். அதனால்தான் இந்தச் சொல்லை எடுக்கும் கை கொஞ்சம் நடுங்க வேண்டும் என்கிறேன்.

வெறும் பேச்சைக் கண்டிக்க வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. "பயனில சொல்லாமை" என்று ஓர் அதிகாரமே பாடிய வள்ளுவர் அந்தப் பத்துக் குறளில் ஓரிடத்திலும் பிதற்றல் என்ற சொல்லைத் தொடவில்லை. "நயனிலன் என்பது சொல்லும் பயனில பாரித் துரைக்கும் உரை" என்கிறார். பாரித்து உரைத்தல், அதாவது பயனற்றதை விரித்து விரித்துச் சொல்லுதல். அதைச் செய்கிறவன் முழு நினைவோடுதான் செய்கிறான். அதனால் அவன் நயனிலன், நீதி இல்லாதவன் என்று பழியை அவன் தலைமேலேயே வைக்கிறார். தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர்கள் இந்தக் குறளை ஒருமுறை படித்துவிட்டு, "பொய் சொன்னார்" என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படியே எழுதட்டும். நிரூபிக்க முடியாவிட்டால், அவர் சொன்னதை மட்டும் அச்சிட்டுவிட்டு விட்டுவிடட்டும்.