யென் ஜென்சிங்கின் மரணம்: பரவும் தகவலும் உண்மையும்

சீனாவின் தாங் பேரரசின் அரசியல் தலைவரும் எழுத்தோவியருமான யென் ஜென்சிங், கிளர்ச்சியாளன் ஆன் லுஷானின் சிறையில் கொல்லப்படுமுன் எழுதிய கடைசிக் கடிதம் என்று, அடித்தல் திருத்தல்கள் நிறைந்த ஒரு கையெழுத்துத் தாளின் படம் பகிரப்படுகிறது. இது தவறு.

அந்தத் தாள் 758ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இரங்கலுரையின் வரைவு. ஆன் லுஷானோ 757ஆம் ஆண்டிலேயே தன் மகனின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டிருந்தான். கிளர்ச்சியில் உயிரிழந்தவர்கள் ஜென்சிங்கின் பங்காளி முறை அண்ணனும் சாங்ஷான் ஆளுநருமான யென் காவ்சிங்கும், அவருடைய மகன் ஜிமிங்கும் ஆவர். பிங்யுவான் ஆளுநராக இருந்து கிளர்ச்சியை எதிர்த்து நின்ற ஜென்சிங், பின்னர் ஜிமிங்கின் தலை மட்டுமே மீட்கப்பட்ட நிலையில், அவனுக்காக எழுதிய துயர வரிகளே அவை. எழுத எழுதச் சொற்களை அடித்து மாற்றிய தடங்களும், மை வற்றி வெளிறும் கோடுகளும் அதில் அப்படியே தெரிகின்றன. பிற்காலத்தார் அதைப் போற்றுவதற்கு இந்த மறைக்கப்படாத துயரமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மூலம் இன்று தைபேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஜென்சிங்கும் கிளர்ச்சியாளர் கையில்தான் இறந்தார், ஆனால் ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பின்னர். அவரை வெறுத்த முதலமைச்சர் லு சியின் யோசனைப்படி, பேரரசர் டேசோங் 783ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்திருந்த அவரை லி ஷிலியே என்ற வேறொரு கிளர்ச்சித் தளபதியிடம் தூதராக அனுப்பினார். பதவி ஆசைக்கும் மிரட்டலுக்கும் பணிய மறுத்த அவர், சிறைவைக்கப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்.