'அழிவது இயற்கைதானே?' என்ற வாதத்தில் விடுபட்டது

"பூமியில் தோன்றிய உயிரினங்களில் 99 சதவீதம் ஏற்கெனவே அழிந்துவிட்டன. அழிவு இயற்கை; காப்பாற்றுவது வீண் செலவு" என்றொரு செய்தி பரவி வருகிறது. கணக்கு ஏறக்குறைய சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

அந்த அழிவு நடந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளில். ஒன்று மறைய, இன்னொன்று உருவாக அவகாசம் இருந்தது. இன்று வேகமே வேறு. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிடப் பல பத்து மடங்காவது அதிகம் என்கிறது பல்லுயிர்களின் நிலையை ஆராயும் பன்னாட்டு அமைப்பான ஐபிபிஇஎஸ்ஸின் 2019 அறிக்கை. பெரிங் கடலில் வாழ்ந்த பெரிய பாலூட்டியான ஸ்டெல்லர் கடற்பசுவை விஞ்ஞானம் அறிந்தது 1741இல். இறைச்சிக்காக வேட்டையாடியே 1768க்குள் தீர்த்துவிட்டார்கள். வெறும் 27 ஆண்டுகள்! இதை இயற்கையின் கணக்கில் எப்படி எழுதுவது?

சரி, காப்பாற்றிப் பயன் உண்டா? கடல் நீர்நாய்களைத் தோலுக்காகக் கொன்று குவித்த இடங்களில் அவற்றுக்கு இரையாகிவந்த கடல் முள்ளெலிகள் (முள் போர்த்திய சிறு கடலுயிர்கள்) பெருகி, கெல்ப் பாசிக் காடுகளை அடியோடு தின்று தீர்த்தன. மீன்களுக்கும் ஒதுங்க இடமில்லை. 1911இல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் நீர்நாய் வேட்டையைத் தடுத்தது. நீர்நாய்கள் திரும்பிய பல கரைகளில் கெல்ப் காடுகளும் மீண்டும் வளர்ந்தன.