அரைக்கால் அங்குலம்தானே என்கிறார்கள்

நேற்று மாலை மூன்றாவது பெட்டியும் வந்து சேர்ந்தது. முதல் பெட்டி ஜூனில் வந்தது, இரண்டாவது ஜூலையில் வந்தது, இப்போது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. மிச்சிகனில் உட்வர்ட் அவென்யூ நெடுக ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்கள் அணிவகுக்கும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்கள்தான் இருக்கின்றன. என் 1969 செவ்ரோலே மாலிபுவோ எட்டு வாரங்களாக ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நிற்கிறது. பழைய அமெரிக்கக் கார் ஒன்றுக்குப் பின்பக்க ஸ்வே பார், அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் இரும்புத் தண்டு, வாங்கிய எவருக்கும் நான் எதற்காகக் கொதிக்கிறேன் என்பது இந்நேரம் புரிந்திருக்கும்.

"1964 முதல் 1972 வரை எல்லா மாடல்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். துளையிட வேண்டாம், வெல்டிங் வேண்டாம்." எனக்குப் பாரை விற்ற நிறுவனத்தின் இந்த வரியை எழுதியவர் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது ஒரு மாலிபுவின் அடியில் படுத்துப் பார்த்திருப்பாரா? மாலிபு சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஏ-பாடி என்பது பல பிராண்டுகள் பகிர்ந்துகொண்ட கார்க் குடும்பம், ஒரே கார் அன்று. ஓல்ட்ஸ்மொபில் தன் 442-க்கு 1964-லேயே பின்பக்க பார் கொடுத்துவிட்டது. அதே குடும்பத்தில் பிறந்த போன்டியாக் ஜிடிஓ, அத்தனை பேரும் புகழும் இருந்தும், அதற்காக 1970 வரை காத்திருந்தது. என்னுடையதைப் போன்ற சாதாரண மாலிபுவுக்குத் தொழிற்சாலையில் பின்பக்க பார் போடவே இல்லை. ஆகவே அந்தப் பாரைத் தாங்க வேண்டிய கீழ் ஆர்ம்களும் (பின் அச்சைச் சேசிஸோடு இணைக்கும் கைகள்) ஒரு பக்கம் திறந்தபடி, தகட்டை மடித்து அடித்தவையாக, போல்ட்டுக்கான துளைகூட இல்லாமல் இருக்கின்றன. துளையே இல்லாத இடத்தில் துளையிடாமல் எப்படிப் போல்ட் போடுவது என்பதை அந்த வரியை எழுதியவர்தான் எனக்குச் செய்து காட்ட வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கார்களில் பின்பக்க பார் சேசிஸோடு எங்குமே சேர்வதில்லை. அதன் இரு முனைகளும், பக்கத்துக்கு இரண்டு போல்ட்டுகளாக, கீழ் ஆர்ம்களோடு அசைவின்றி முடுக்கப்படுகின்றன. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது இரண்டு ஆர்ம்களும் வெவ்வேறு கோணத்துக்குப் போக முயல்கின்றன. இடையில் உள்ள பார் முறுகி அந்தச் சாய்வை எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பு முழுவதும் நான்கே நான்கு போல்ட்டுகளின் வழியாக ஆர்முக்குள் இறங்குகிறது. ஆர்ம் திறந்ததாக இருந்தால் பார் முறுகுவதற்கு முன் ஆர்மே முறுகிவிடும். அதனால்தான் ஆர்மின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டிபோல் மூட வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது இரு சுவர்களும் நசுங்காமல் இருக்க உள்ளே நான்கு இரும்புக் குழாய்த் துண்டுகளையும் வைக்க வேண்டும். இதை எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஆர்ம்களைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டறையில் கொடுத்து மூடி, துளையும் போட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் நான் பாருக்காகக் காத்திருந்தேன். குளிர்காலம் முழுதும் சாலையில் உப்புக் கொட்டும் இந்த ஊரில் ஐம்பது வயது தாண்டிய ஆர்ம் போல்ட்டைக் கழற்றுவது என்பது என்ன பாடு என்று பட்டவர்களுக்கே தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்பக்கத்துக்கு ஒன்றே கால் அங்குல பாரைப் போட்டேன். கார் சாய்வது குறைந்தது. ஆனால் பின்னால் பார் இல்லாமல் முன்னால் மட்டும் தடித்த பாரைப் போட்டால், ஏற்கெனவே மூக்கில் வி-8 எஞ்சினின் எடையைச் சுமக்கும் கார், வளைவில் திரும்ப மறுத்து வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒடித்துக்கொண்டே போனவன் நான். முன்னுக்கு ஈடுகொடுக்கும் வலிமை பின்னாலும் வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு அங்குல விட்டம் உள்ள பாரைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய விலையையும் கொடுத்தேன்.

முதல் பெட்டியில் வந்தது முக்காலே அரைக்கால் அங்குல பார். தவறுதலாக மாறிப் போயிருக்கும் என்று நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டு திருப்பி அனுப்பினேன். இரண்டாவது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு அங்குலம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. மகிழ்ச்சியோடு பிரித்தேன். கையில் எடுத்தபோதே எடை குறைவாகப் பட்டது. விட்டம் அளக்கும் காலிப்பரை எடுத்து வந்து பாரின் நடுவில் வைத்துப் பார்த்தேன்; கறுப்பு மேற்பூச்சையும் சேர்த்து 0.882 அங்குலம் என்றது. முனைக்கு அருகில் வைத்தேன், 0.882. மறுமுனையில் வைத்தேன், அங்கும் அதுவே. காலிப்பரில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு அதைத் துடைத்து, சுழியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் மூன்று இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். அதே அளவு, அதே பார். எனக்கு என்னவோ நான் திருப்பி அனுப்பிய அதே பாருக்குப் புதுச் சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்கள் என்றே தோன்றியது, இன்னமும் தோன்றுகிறது.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடங்கள் இசை கேட்கவைத்த பிறகு ஒருவர் எடுத்தார். காரின் ஆண்டைக் கேட்டார், சொன்னேன். எஞ்சினைக் கேட்டார், சொன்னேன். மறுபடியும் ஆண்டைக் கேட்டார், மறுபடியும் சொன்னேன். பார் அளவு குறைவாக இருக்கிறது என்றேன். எவ்வளவு குறைவு என்றார். அரைக்கால் அங்குலம் என்றேன். அப்போதுதான் அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொன்னார்: "அரைக்கால் அங்குலம்தானே சார், ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது."

வித்தியாசம் தெரியாதா? ஒரே இரும்பு, ஒரே நீளம், ஒரே வடிவம் என்றால் பாரின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. விட்டம் எட்டுக்கு ஏழு என்ற கணக்கு. எட்டின் நான்காம் அடுக்கு 4096. ஏழின் நான்காம் அடுக்கு 2401. நான் காசு கொடுத்து வாங்கிய விறைப்பில் 41 சதவீதம் அந்தப் பெட்டிக்குள் இல்லவே இல்லை! நான்கு முழ வேட்டிக்கா காசு கொடுத்தீர்கள், இரண்டரை முழம் போதாதா என்று ஜவுளிக்கடையில் எவராவது கேட்பார்களா? இந்தக் கணக்கை நான் தொலைபேசியிலேயே, ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அவர், மிகுந்த அக்கறையோடு, "பாரின் புஷ்களுக்கு கிரீஸ் போட்டீர்களா?" என்று கேட்டார்.

இந்த பாருக்குப் புஷ், அதாவது பாரைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம், கிடையாது! இணைப்புத் தண்டு கிடையாது, சேசிஸில் மாட்டும் கவ்வி கிடையாது, கிரீஸ் போட ஓர் இடம்கூடக் கிடையாது. நான்கு போல்ட்டுகள், அவ்வளவுதான். தாம் விற்கும் பொருளின் படத்தையாவது ஒருமுறை பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. உலகில் உள்ள எல்லா ஸ்வே பார்களுக்கும் ஒரே கேள்வித் தாளை வைத்துக்கொண்டு, வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியில் குழாய்த் துண்டுகளும் இல்லை என்று நான் சொன்னதற்கு, அவை தேவைப்படாது, போல்ட்டை நன்றாக இறுக்கினால் போதும் என்று அறிவுரை வேறு. அந்த அறிவுரையை ஒரு கழிபட்ட ஆர்மில் செய்து பார்த்தேன். போதிய இறுக்கம் வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ரென்ச் கிளிக் என்று சொல்வதற்கு முன்னரே ஆர்மின் இரு சுவர்களும் போல்ட்டைச் சுற்றி உள்வாங்கத் தொடங்கின. வாஷரின் விளிம்பு தகட்டில் பிறை வடிவில் பதிந்தது. அடுத்த நாள் பார்த்தபோது அந்த நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. இப்படி இறுக்கிய பாரோடு நெடுஞ்சாலையில் போய், ஒரு போல்ட் கழன்று பார் தொங்கினால் யார் பொறுப்பு? கேள்வித் தாளைப் படிப்பவரா வந்து நிற்பார்?

இப்போது மூன்றாவது பெட்டிக்கு வருகிறேன். நேற்று இரவு அதைப் பிரிக்கும்போது என் மனைவியும் பக்கத்தில் நின்றார். இரண்டு மாதங்களாக இதையே கேட்டுக் கேட்டு அவருக்கும் 0.882 மனப்பாடமாகியிருந்தது. காலிப்பரை அவரே வைத்துப் பார்த்தார். மேற்பூச்சோடு 1.007. சரியான பார்தான், கடைசியில் வந்துவிட்டது. உடன் வந்த பொட்டலத்தை அவசரமாகக் கிழித்தேன். நான்கு போல்ட்டுகள் இருந்தன, நான்கு நட்டுகள் இருந்தன. குழாய்த் துண்டுகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக இரண்டு சிவப்புப் பாலியூரித்தேன் புஷ்களும், அவற்றுக்கான ஒரு சிறு கிரீஸ் பையும் இருந்தன.

நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து எனக்கும் வந்துவிட்டது. கராஜ் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

குழாய் வாங்கி, சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, நான்கு துண்டுகளையும் நாளைக் காலை நானே அறுத்துக்கொள்ளப் போகிறேன். அந்தக் கிரீஸ் பை இப்போதும் மேசை மேல்தான் கிடக்கிறது. அதனோடு வந்த தாளின் முதல் வரி: நேரடியாகப் பொருந்தும்.